ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாமா, வேண்டாமா? அப்பாவைப் பார்க்கப் போகும் முன் ஒரு கேள்வி

தூறல்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக மனதைக் குடைகிற ஒரு விஷயம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. ஆறு வருடத்துக்கு முன்பு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடக் கூடாது என்று அன்றிலிருந்து தினமும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறார். இந்த வருடம், 2021 ஏப்ரலில், இரண்டு டோஸ் கோவிட் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. நானும் போட்டுவிட்டேன் (வைரஸ் வெக்டர் வகை, அதாவது வேறொரு தீங்கில்லாத வைரஸில் ஏற்றிக் கொடுப்பது), இரண்டாவது டோஸ் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. போன வருடக் கடைசியில் எனக்கு நான்கு நாள் காய்ச்சல் அடித்து வாசனை போய்விட்டது. குளியலறையில் சோப்பை மூக்கில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் அப்படியே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்போது எந்த டெஸ்டும் எடுக்கவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

எட்டு மாதமாக அப்பாவை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறேன். கூட வேலை செய்கிற ஒருவர் ஆன்டிபாடி டெஸ்ட் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதத்தை ரத்தத்தில் அளப்பது) எடுத்து 1840 என்று வந்ததாம், இனி பயமில்லை என்கிறார். இன்னொருவருக்கு 95, அவர் முகமே வாடிப்போயிற்று. எனக்கும் நல்ல நம்பர் வந்தால் மாஸ்க் இல்லாமல் அப்பா பக்கத்தில் உட்காரலாமா? அப்பாவுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டுமா? இந்த இரண்டுதான் கேள்வி.


கருவேலம்

நான் எடுத்தவன், அதனால் சொல்கிறேன். கேட்காமலே போய் எடுத்துவிட்டு மூன்று வாரம் நிம்மதி இல்லாமல் கிடந்தேன்.

எனக்கு 110 வந்தது. அதே வாரம் தம்பி வேறு லேபில் எடுத்தான், 740. இரண்டு பேரும் ஒரே தடுப்பூசி, ஒரே நாளில், ஒரே இடத்தில் போட்டுக்கொண்டோம். ரிப்போர்ட் இரவு பதினொரு மணிக்கு போனில் வந்தது, விளக்கை அணைத்துவிட்டு அந்த 110-ஐயே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். தம்பி நேர் எதிர், மறுநாளிலிருந்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எல்லா விசேஷத்துக்கும் போக ஆரம்பித்துவிட்டான். அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு லேபிலும் யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்து, அவ்வளவுதான்.


நுண்ணோக்கி

கருவேலம், உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் எந்தக் கிட் (எந்தக் கம்பெனியின் சோதனைப் பொருள்), என்ன அலகு என்று சின்ன எழுத்தில் இருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா? தம்பியுடையதையும்.

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், ஒன்பது வருடமாக. தூறலுக்கு அப்புறம் விரிவாக எழுதுகிறேன்.


கருவேலம்

என்னுடையது ரோஷ், U/mL என்று போட்டிருக்கிறது. தம்பியுடையது அபாட், AU/mL. இது வரை நான் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை.


நுண்ணோக்கி

நினைத்தேன். உங்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருக்கிறது அண்ணா.

ஒவ்வொரு கிட்டும் தன் கணக்கில் எண் கொடுக்கிறது. ரோஷ் கிட்டில் 0.8-க்கு மேல் வந்தாலே பாசிட்டிவ், அபாட் கிட்டில் 50-ஐத் தொட வேண்டும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோலை ஏற்றுக்கொண்டது, பிஏயு என்பார்கள். அபாட் எண்ணை 0.142-ஆல் பெருக்கினால் பிஏயு கிடைக்கும், தம்பியின் 740 அதில் 105 ஆகிவிடுகிறது. ரோஷ் எண் ஏறக்குறைய அப்படியே பிஏயுதான், ஆக உங்கள் 110 கிட்டத்தட்ட 110. இப்படி மாற்றினாலும் கிட்டுக்குக் கிட் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், ஆனால் ஏழு மடங்கு வித்தியாசம் என்று நீங்கள் தூக்கம் கெட்டது வெறும் அலகு வித்தியாசம். தம்பிக்கும் இதைக் காட்டுங்கள், அவர் மாஸ்க்கைக் கழற்றியதற்கும் அந்த எண்ணில் காரணம் இல்லை.

தூறல், இப்போது உங்களுக்கு. ‘ஆன்டிபாடி டெஸ்ட்’ என்று எல்லாரும் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும். இன்னொன்று உள்ளே மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானதைத் தேடும், சுருக்கமாக ‘N’ டெஸ்ட். எம்ஆர்என்ஏ, வெக்டர் வகை ஊசிகள் ஸ்பைக்கை மட்டும்தான் உடம்புக்கு அறிமுகம் செய்கின்றன. அதனால் நீங்கள் ஸ்பைக் டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ்தான் வரும், அது ஊசியால் வந்ததா போன வருடக் காய்ச்சலால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. ‘N’ டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் தொற்று வந்து போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து போடுகிற வகை ஊசி போட்டவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டுவிடும், அவர்களுக்கு ஊசியாலேயே இரண்டும் பாசிட்டிவ் ஆகலாம்.

ஆக முதலில் உங்கள் கேள்வி எது என்று பிடித்துக்கொள்ளுங்கள். ‘எனக்கு முன்பு வந்ததா’ என்பது ஒரு கேள்வி. ‘எனக்கு இனி வராதா’ என்பது வேறு. ‘இன்று என்னிடமிருந்து அப்பாவுக்குப் பரவுமா’ என்பது மூன்றாவது. நீங்கள் கேட்பது மூன்றாவது கேள்வி, அதற்கு இந்த டெஸ்ட் பதிலே சொல்லாது. ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய உள்ளவர்களுக்கும் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் வளர்ந்து, தனக்கு ஒன்றும் தெரியாமலே பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட முடியும். டெல்டா என்ற மாறிய வைரஸ் வந்த பிறகு இரண்டு டோஸ் போட்டவர்களிடமிருந்தும் பரவுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.


பழையபேனா

எல்லாரும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்துவது போலத் தெரிகிறது. சர்க்கரை அளக்கிறோம், கொழுப்பு அளக்கிறோம், ரத்த அழுத்தம் அளக்கிறோம், அதையெல்லாம் யாரும் வேண்டாம் என்பதில்லை. தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு உரிமை இல்லையா? ஆன்டிபாடி கூடினால் பாதுகாப்பும் கூடுகிறது என்று ஆய்வுகளில் வந்ததை நானும் படித்தேன். அப்புறம் நம்பரில் அர்த்தமே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?


நுண்ணோக்கி

உரிமையை யாரும் மறுக்கவில்லை ஐயா. நீங்கள் படித்ததும் சரிதான், ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஆன்டிபாடி அதிகமுள்ள கூட்டத்தில் நோய் குறைவாக வருகிறது. ஆனால் சர்க்கரைக்கு ஒரு கோடு இருக்கிறது, இதற்கு மேல் போனால் மருந்து, இதற்குள் இருந்தால் கவலையில்லை என்று பல வருட அனுபவத்தில் போட்ட கோடு. இங்கே தனி ஆளுக்கு அப்படி ஒரு கோடு இன்னும் யாராலும் போட முடியவில்லை. இந்த எண் இருந்தால் உனக்கு வராது என்று எந்த மருத்துவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டார். இந்த மே 19-ம் தேதி அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ வெளிப்படையாகவே சொன்னது, தடுப்பூசி போட்ட பிறகு ஒருவருக்கு எதிர்ப்பு எவ்வளவு என்று பார்க்க இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று. உலக சுகாதார நிறுவனமும் போன வருடம் ஏப்ரலிலேயே ‘இம்யூனிட்டி பாஸ்போர்ட்’ (எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று கொடுக்கும் சான்று) என்ற யோசனை எழுந்தபோது, அதற்கு ஆதாரம் போதாது என்று எச்சரித்தது.

இன்னொன்று, நாங்கள் அளப்பது ஸ்பைக்கில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை. ஒட்டிக்கொள்வதெல்லாம் வைரஸை முடக்கும் என்றில்லை. அதோடு கிட்டில் இருக்கும் ஸ்பைக் தொடக்கத்தில் பரவிய வைரஸின் ஸ்பைக், இந்த 2021-ல் வெளியே சுற்றுவது டெல்டா. எதிர்ப்பு சக்தியின் பெரிய பங்கு, தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்களிலும், தேவைப்படும்போது மறுபடி ஆன்டிபாடி செய்யக் காத்திருக்கும் நினைவு பி செல்களிலும் இருக்கிறது. என் கருவியில் அவை தெரியாது.


கணக்குப்பிள்ளை

நுண்ணோக்கி சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் ‘95 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு ரிசல்ட் வந்தால் 95 சதவீதம் நிஜம் என்று எல்லாருமே நம்புகிறோம்.

ஒரு டெஸ்ட், தொற்று வந்த 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, வராத 100 பேரில் 95 பேரை வரவில்லை என்று சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் 1000 பேரில் 50 பேருக்குத்தான் உண்மையில் வந்திருக்கிறது. அந்த 50-ல் 45 பேருக்குப் பாசிட்டிவ். மிச்சம் 950 பேரில் 5 சதவீதம், அதாவது 47 அல்லது 48 பேருக்கும் பொய்ப் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிக்கு மேல் தொற்றே வராதவர்கள்! டெஸ்ட் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, அரிதான ஒன்றைக் கூட்டத்தில் தேடினால் இப்படித்தான் ஆகும்.

தூறலின் கதை வேறு. காய்ச்சல், அதோடு வாசனை போனது என்றால் சந்தேகம் ஏற்கெனவே வலுவானது. அவரைப் போன்ற 1000 பேரில் 600 பேருக்கு உண்மையில் வந்திருந்தது என்று கொள்வோம், கணக்குக்காக. 540 நிஜப் பாசிட்டிவ், 20 பொய்ப் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். ஆனால் நெகட்டிவ் பக்கம் பாருங்கள், வராத 380 பேரோடு, வந்தும் தப்பிவிட்ட 60 பேர். நெகட்டிவ் வந்தவர்களில் ஏழில் ஒருவருக்கு உண்மையில் வந்திருக்கிறது. இதில் எட்டு மாதத்தில் ஆன்டிபாடி இறங்கிப் போவதை நான் சேர்க்கவே இல்லை.


நுண்ணோக்கி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சில ‘N’ டெஸ்ட்களில் அந்த இறக்கம் வேகமாகவே தெரிகிறது, லேசாக வந்து போனவர்களுக்கு முதலிலேயே குறைவாகத்தான் உண்டாகியிருக்கும். மூக்கில் எடுத்து வைரஸையே தேடும் பிசிஆர் சோதனையில் பாசிட்டிவ் ஆகியும் ஆன்டிபாடியே காட்டாதவர்களை நானே பார்த்திருக்கிறேன். சீக்கிரம் எடுத்தாலும் தப்பு, தொற்று வந்து ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும் ரத்தத்தில் தெரிய. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ஆன்டிபாடி எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதியாகப் போகிறவர்களைக் கவுன்டரில் பார்க்கும்போது உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

அப்புறம், முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். பல கிட்களின் வேதியியல் பயோட்டினை வைத்தே நடக்கிறது, அளவு கூடினால் ரிசல்ட் கெட்டுவிடலாம். கேட்டால் தவிர யாரும் சொல்வதில்லை.


அல்லிக்குளம்

தூறல், உங்கள் இரண்டாவது கேள்வி என் வீட்டுக் கேள்வி. என் கணவருக்கு ரிட்டக்சிமேப் ஊசி போகிறது, மூட்டு வாதத்துக்காக. அது பி செல்களையே அழிக்கிற மருந்து, ஆன்டிபாடி செய்வதே அந்த செல்களின் வழிவந்தவைதான். இரண்டு டோஸ் முடிந்து ஐந்து வாரம் கழித்து ஸ்பைக் டெஸ்ட் எடுத்தோம், டாக்டர் கேட்டுத்தான். கண்டறிய முடியவில்லை என்று வந்தது. பூஜ்யம்.

அன்று இரவு அவர் ஒன்றும் பேசவில்லை. ஊசி போட்ட கையையே தடவிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எங்கள் டாக்டர் அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு காரியம் செய்தார். அடுத்த ரிட்டக்சிமேப் தவணையைத் தள்ளி, இடையில் இன்னொரு டோஸ் போடத் தேதி குறித்தார். டி செல்கள் ஓரளவு வேலை செய்திருக்கலாம், பூஜ்யம் என்றால் பாதுகாப்பும் பூஜ்யம் என்று எண்ண வேண்டாம் என்றும் சொன்னார். டெஸ்ட் எடுக்கும் முன்பே, இந்த ரிசல்ட் வந்தால் இதைச் செய்வேன் என்று அவர் சொல்லியிருந்தார், அதனால்தான் எங்களுக்கு அது பயன்பட்டது. அப்பாவின் மருத்துவரிடம் நீங்களும் அதையே கேளுங்கள்: டாக்டர், குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள், அதிகமாக வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அப்பாவின் கையில் ஒரு ஊசிக்குத்து மிச்சம்.


மஞ்சள்குடை

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன், சுருக்கமாக ஒன்று. எங்களுக்கு இந்த டெஸ்ட் கண்டிப்பாகத் தேவைப்படும் இடம் உண்டு. கோவிட் வந்து சில வாரம் கழித்து சில பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுவலி, இதயம் பாதிப்பு என்று வரும், எம்ஐஎஸ்-சி என்பார்கள். அந்த நேரத்தில் பிசிஆர் பெரும்பாலும் நெகட்டிவ் ஆகிவிட்டிருக்கும், ஆன்டிபாடிதான் துப்பு கொடுக்கும். அதே சமயம் கைக்குழந்தைக்குப் பாசிட்டிவ் வந்தால் பதறாதீர்கள், அம்மாவின் ஐஜிஜி வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும்.


நுண்ணோக்கி

நல்ல உதாரணம். மருத்துவமனையில் இன்னொன்றும் இருக்கிறது. பிரிட்டனின் ரிகவரி ஆய்வு முடிவு ஜூனில் வந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் சொந்தமாக ஆன்டிபாடி உண்டாகாதவர்களுக்கு, இரண்டு மோனோக்ளோனல் ஆன்டிபாடிகளை (ஆய்வுக்கூடத்தில் தயாரித்து மருந்தாகக் கொடுப்பவை) சேர்த்துக் கொடுத்தபோது 28 நாளில் இறப்பு 30 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அங்கே யாருக்கு மருந்து பலன் தரும் என்பதையே டெஸ்ட் காட்டியது. பழையபேனா ஐயா கேட்டதற்கு இதுவும் ஒரு பதில், இந்த டெஸ்டை நான் வெறுக்கவில்லை, தினமும் செய்கிறேன்.


பழையபேனா

நுண்ணோக்கி, என் தொனி கொஞ்சம் சூடாக இருந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு ஐந்து மாதமாக உடம்பில் வலுவே இல்லை. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். முதலில் லேசான தொண்டைவலி மட்டும்தான் இருந்தது, டெஸ்ட் எடுக்கவில்லை. கோவிட்டின் பின்விளைவோ என்று நான் கேட்டால், உங்களுக்குத் தொற்று வந்ததற்கு அத்தாட்சி எங்கே என்கிறார்கள். அந்த அத்தாட்சிக்காகத்தான் ஆன்டிபாடி எடுக்கலாம் என்று நினைத்தேன். நெகட்டிவ் வந்துவிட்டால் அவள் சொல்வதை இனி யாருமே கேட்க மாட்டார்களோ என்றும் பயம்.


நுண்ணோக்கி

ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அம்மா ஊசி போட்டுக்கொண்டாரா, எந்த வகை என்பதைப் பொறுத்து ‘N’ டெஸ்ட் ஓரளவு உதவலாம். பாசிட்டிவ் வந்தால் கையில் ஒரு ஆதாரம். ஆனால் உங்கள் பயம் நியாயமானது, நெகட்டிவ் வந்தால் தொற்று வரவில்லை என்று அதை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது, மேலே கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும். படியில் உட்காரும் அளவுக்குச் சோர்வு என்றால் அதற்கு முன் இரத்தசோகை, தைராய்டு, இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தாக வேண்டும், கோவிட் வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அத்தாட்சி கேட்டு நிறுத்தி வைக்கிறவர்களை விட்டு வேறு மருத்துவரிடம் போங்கள். எந்தத் தேதியில் தொண்டைவலி, எப்போதிலிருந்து படி ஏற முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், நீங்களும் கூட உள்ளே போங்கள்.


அல்லிக்குளம்

ஐயா, அக்காவை நம்புகிற முதல் ஆள் நீங்களாக இருப்பதே அவருக்குப் பெரிய பலம். நானும் நோயாளியின் வீட்டுக்காரி, தெரிந்துதான் சொல்கிறேன்.


கணக்குப்பிள்ளை

தூறல், உங்கள் மூன்றாவது கேள்விக்கு, ‘இன்று என்னிடமிருந்து பரவுமா’ என்பதற்கு, ரேபிட் ஆன்டிஜென் டெஸ்ட் எவ்வளவோ பொருத்தம். அது மூக்கிலிருந்து எடுத்து வைரஸின் புரதத்தையே தேடுகிறது, கால் மணி அரை மணிக்குள் தெரிந்துவிடும். வைரஸ் நிறைய இருக்கும் நாட்களில் பெரும்பாலும் பிடித்துவிடும், ஆரம்ப நாளில் விட்டுவிடவும் கூடும். அதனால் முந்தைய நாள் எடுத்து வைத்துக்கொள்ளாமல், கிளம்பும் முன் எடுங்கள். நெகட்டிவ் வந்தாலும் மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் இருக்கட்டும்.


தூறல்

நான்கு நாள் கழித்து வருகிறேன். ஒவ்வொருவர் எழுதியதையும் இரண்டு மூன்று முறை படித்தேன்.

அப்பாவின் மருத்துவரிடம் அல்லிக்குளம் அக்கா சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உறுப்பு மாற்றம் செய்தவர்களில் பலருக்கு இரண்டு டோஸில் போதுமான ஆன்டிபாடி வருவதில்லை, அமெரிக்காவில் ஆகஸ்ட் 12-ம் தேதியே இவர்களுக்கு மூன்றாவது டோஸுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள், உங்கள் அப்பாவுக்கு எந்த எண் வந்தாலும் நான் மூன்றாவது டோஸ்தான் எழுதுவேன் என்றார். மாத்திரையின் அளவை இதற்காகக் குறைக்கப் போவதில்லை, சிறுநீரகத்தைப் பணயம் வைக்க முடியாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அப்படியானால் டெஸ்ட் வேண்டாம்தானே என்றேன். வேண்டாம் என்றார்.

எனக்கும் எடுக்கப் போவதில்லை. போன வருடம் வந்ததா என்று தெரிந்துகொள்ள இன்னும் ஆசை இருக்கிறது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் 1840 வந்திருந்தால் நான் மாஸ்க்கைக் கழற்றியிருப்பேன், அது நிச்சயம், அதை நினைத்தால்தான் உள்ளே ஒரு நடுக்கம். பழையபேனா ஐயா, அம்மாவைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

நேற்று காலை கிளம்பும் முன் ரேபிட் எடுத்தேன், ஒரு கோடு மட்டும். மாஸ்க்கோடு உள்ளே போய், இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு, அறையின் அந்தப் பக்கம் நாற்காலி போட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு முடி நன்றாக நரைத்துவிட்டது, கண்ணாடிக்கு வெளியிலிருந்து அது தெரியவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை அவருக்கு மூன்றாவது ஊசி, கூட்டிக்கொண்டு போவது நான்தான்.


பழையபேனா

வேறொரு மருத்துவரிடம் நாளை மாலை நேரம் வாங்கியிருக்கிறேன் தூறல். தேதியெல்லாம் எழுதியாகிவிட்டது, ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. அவளே உட்கார்ந்து எழுதினாள்.